ருசி பார்க்காத கறி

மெக்சிக்கோவுக்கு நான் ஒருநாளும் போனதில்லை. ஆனாலும் அந்த நாட்டைப் பற்றி லண்டன் நோர்பரி நூலகத்தில் இருந்த ஏழு பயணநூல்களையும் ஸ்ட்ரெதம் நூலகத்தில் இருந்த ஐந்தையும் வாசித்திருக்கிறேன். இரண்டு நூல்கள் இரு இடத்திலும் இருந்தன. ஆகவே சரியான கணக்குப் பத்து.

பத்தும் ஏறக்குறைய ஒரே புத்திமதியைத்தான் சொல்லும். தண்ணீரைப் போத்தலில் வாங்கிக் குடியுங்கள். தலைநகர் வெகு உயரத்தில் இருக்கிறது, வந்திறங்கிய அன்று ஓடித் திரியாதீர்கள். ஏரியை நிரவி அதன்மேல் கட்டிய நகரம் அது, பழைய தேவாலயங்கள் சரிந்து நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். யுகத்தான் பக்கத்தில் ஒரு கூம்புக் கோயில் உண்டு, அதன் நான்கு பக்கப் படிகளையும் உச்சி மேடையையும் கூட்டினால் ஆண்டின் நாள்கள் வரும். இந்தக் கடைசித் தகவலை நம்பாமல் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். பக்கத்துக்குத் தொண்ணூற்றொன்று. சரியாகத்தான் வந்தது.

பிறகு நூலின் பின்பக்கம் போய், தெற்கே குவாத்தமாலா எல்லையருகே இருக்கும் தப்பச்சூலா என்ற ஊரைத் தேடுவேன். எந்த நூலும் அதற்கு அரைப் பக்கத்துக்கு மேல் கொடுக்கவில்லை. வெக்கையான ஊர், சுற்றிவரக் கோப்பித் தோட்டங்கள், எல்லை கடக்கிறவர்கள் ஓர் இரவு தங்கிப் போவார்கள், பார்ப்பதற்கு அதிகம் இல்லை. இந்தக் கடைசி வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். என் தம்பியின் குரலை நான் கடைசியாகக் கேட்டது அந்த ஊரிலிருந்துதான்.

தொண்ணூறுகளின் நடுவில், மனைவியையும் மகளையும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விட்டுவிட்டு, ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பிக் கனடாவுக்குப் புறப்பட்டவன் அவன். அந்தக் காலத்தில் கனடாவுக்கு நேர்வழி கிடையாது. மத்திய அமெரிக்காவில் எங்கேயாவது இறக்கிவிட்டு, அங்கிருந்து தரைவழியாக வடக்கே கொண்டுபோவார்கள். எல்லையாற்றை, ட்ரக்டர் டியூப்களின்மேல் பலகை கட்டிய தெப்பத்தில் கடந்ததாகச் சொன்னான். தாங்கள் மொத்தம் பதினொரு பேர் என்றான். லண்டனில் அப்போது பின்னேரம். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பயத்தைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினான்.

"அண்ணை, இஞ்ச சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில அவிக்கிறாங்கள். வெத்திலைக்குப் பூசுற அதே சுண்ணாம்பு. பிறகு அரைச்சு ரொட்டி தட்டுறாங்கள். நல்லாத்தான் கிடக்கு. எண்டாலும் ஒரு கத்தரிக்காய்ப் பால்கறி இருந்தா..."

அதோடு இணைப்பு அறுந்தது. மீண்டும் எடுப்பான் என்று ஒரு கால் சப்பாத்தோடு தொலைபேசிக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன்.

பதினொருவரில் நான்கு பேர் கனடா போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். வழியில் ஓர் இடத்தில் எல்லோரையும் இரண்டு லொறிகளில் பிரித்து ஏற்றினார்களாம், தம்பி மற்ற லொறியில் இருந்தானாம். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது. செஞ்சிலுவைக்காரருக்கும் தெரியவில்லை, தூதரகத்துக்கும் தெரியவில்லை.

எனக்கு எண்ணும் பழக்கம் பிள்ளைப் பருவத்திலிருந்தே உண்டு. ஊரில் கணிதம் படிப்பித்தவன், இங்கே வாகனத் தரிப்பிடமொன்றில் சீட்டுக் கொடுத்தவன், எண்ணாமல் இருப்பது எப்படி? ஆனால் அந்த அழைப்புக்குப் பிறகு எண்ணிக்கையில் ஒரு கோளாறு வந்தது. விருந்துக்குக் கூடும் வீட்டில், கோயில் பந்தியில், ஆட்களை எண்ணினால் ஒன்று கூடுதலாக வரும். திரும்ப எண்ணினால் சரியாக வரும். முதல் எண்ணிக்கையில் கூடிய அந்த ஆள் யார் என்று நான் எவரிடமும் கேட்டதில்லை.

தம்பி பெண்சாதியும் மகளும் பின்னர் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்ட்ரெதமில் கவுன்சில் கொடுத்த மாடி வீடு. அவள் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலைக்குப் போனாள். சமையலில் கெட்டிக்காரி. அகப்பையில் ஒரு சொட்டு எடுத்து இடது உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள், உப்போ புளியோ கூட்டுவாள். அந்த ஆங்கிலேயக் கிழவர்களின் கிழங்குச் சூப்புக்கும் அதே உள்ளங்கைச் சோதனைதான் என்று சொல்லிச் சிரிப்பாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கு ஒரு சட்டி கறி கொண்டுவருவாள். என் மனைவி காலமான பிறகு அது தவறவில்லை.

என் வீட்டு முன்னறையில் மனைவியின் படம் மாலையோடு, சின்ன மின்விளக்கோடு தொங்குகிறது. தம்பியின் படம் கண்ணாடி அலுமாரியில், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் இருக்கிறது. மாலை இல்லை, விளக்கு இல்லை. தூசு தட்டும்போதுகூடத் தம்பி பெண்சாதி அதன் முன்னால் ஒரு பூ விழாமல் பார்த்துக்கொள்வாள். ஒருமுறை கோயில் ஐயர், பன்னிரண்டு வருடம் தகவல் இல்லாமல் போனவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து காரியம் செய்யலாம் என்று மெதுவாகச் சொன்னார். அவர் முடிக்கும் முன்பே அவள் எழுந்து செருப்பைத் தேடப் போய்விட்டாள். நெற்றியில் குங்குமம் எப்போதும்போல இருந்தது.

அந்தப் பன்னிரண்டும் கடந்த பிறகு, மகளுக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை ஹரோவில் வளர்ந்த பிள்ளை, மலேசியாவிலிருந்து படிக்க வந்து தங்கிவிட்ட குடும்பம். நாள் தை மாதத்தில் வைத்தார்கள். மண்டபம் பிடித்தாயிற்று, ஐயர் ஏற்பாடு, மேளம் ஏற்பாடு. அழைப்பிதழில்தான் எல்லாம் நின்றது.

டூட்டிங்கில் இருந்த அச்சகக்காரர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று. ‘திரு’ என்று போட்டால், அவர் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். ‘காலஞ்சென்ற’ என்று போட்டால், அந்தச் சொல்லை அவள்தான் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன கணத்திலிருந்து அவள் கைம்பெண். மகளைத் தாரை வார்க்கும் மணவறையில் அவளுக்கு இடமில்லை. இப்போதைய ஆட்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை என்று சொல்வார்கள். அவள் பார்க்கிறவள்.

மகள் எனக்குத் தொலைபேசியில் ஆங்கிலத்தில் அழுதாள். இடையிடையே பெரியப்பா, பெரியப்பா என்ற சொல் மட்டும் தமிழ். அம்மாவிடம் தன்னால் கேட்க முடியாது, நீங்கள் கேளுங்கள் என்றாள். நானும் கேட்கவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது.

மேல்மாடிப் பின்னறையை அப்போது நான் வாடகைக்கு விட்டிருந்தேன். அறை பார்க்க வந்த ஆறு பேரில் ஒருத்தி மெக்சிக்கோக்காரி, மேற்படிப்புக்கு வந்த பிள்ளை. மற்ற ஐந்து பேரையும் நான் சரியாகப் பார்க்கவேயில்லை. வந்த முதல் கிழமையே அவளைக் கேள்விகளால் துளைத்துவிட்டேன். தப்பச்சூலாவிலிருந்து தலைநகருக்கு எத்தனை பஸ் மாற வேண்டும்? வழியில் எத்தனை சோதனைச் சாவடி? லொறி கவிழ்ந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்? அவள் தலைநகர்ப் பிள்ளை, தெற்குப் பக்கம் போனதே இல்லை. என் நாட்டைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிகிறது, எனக்கு நீங்கள்தான் வழிகாட்ட வேண்டும் என்று பகிடியாகச் சொன்னாள்.

நான் பகிடியாக எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் பெரிய நூதனசாலைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மெக்சிக்கோ அறை கீழே, வெளிச்சம் குறைவான இடம். நீலப்பச்சைக் கற்கள் பதித்த இரட்டைத்தலைப் பாம்பு அங்கே இருக்கிறது. அதன் கற்களை எண்ண நான் மூன்று தரம் முயன்று மூன்று தரமும் கழுத்து வளைவில் தொலைந்திருக்கிறேன். கொஞ்சம் தள்ளி ஒரு முகமூடி. உண்மையான மண்டையோட்டின்மேல் கல்லிழைத்தது. கண்கள் இருக்கும் இடத்தில் பளபளக்கும் உருண்டைகள். பற்கள் மனிதப் பற்கள்.

வெள்ளைக்காரர் வருவதற்கு முன்னால் அவள் நாட்டார் அதை இடுப்பில் கட்டியிருக்கக்கூடும் என்று நான் வாசித்ததை அவளுக்குச் சொன்னேன். மிளகாயும் தக்காளியும் கொய்யாவும் அந்தப் பக்கத்திலிருந்துதான் எங்களுக்கு வந்தன, அதற்கு முன் எங்கள் குழம்புக்கு மிளகுதான் காரம் என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே முகமூடியைப் பார்த்தாள். இதை ஊரில் தான் படத்தில் மட்டும் பார்த்ததாகவும், நேரில் பார்க்க லண்டனுக்கு வரவேண்டியிருந்தது என்றும் சொன்னாள். பிறகு, இது யாரோ ஒருவர் அல்லவா, என்றாள்.

நான் பற்களை எண்ணத் தொடங்கியிருந்தேன். தம்பிக்கு மேல்வரிசையில் ஒரு பல் பாதி உடைந்தது, கிளித்தட்டு விளையாட்டில் விழுந்து. நானூறு ஐந்நூறு வருடத்து மண்டையோட்டில் அதைத் தேடுகிறேன் என்று விளங்கியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு, தேநீர் குடிக்கலாம் என்றேன்.

நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் நாட்டில் இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள்கள். என் பத்து நூல்களும் அதைப் பற்றி வண்ணப் படங்களோடு எழுதியிருந்தன. கல்லறைகளில் மெழுகுதிரி, சீனியில் செய்த மண்டையோடுகள், மது, பாட்டு, கட்டாயம் பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் என் வீட்டு மேல்மாடியில் அது நடக்கும் என்று எந்த நூலும் எச்சரிக்கவில்லை.

பிள்ளை அனுமதி கேட்டாள். அவளுடைய தகப்பன் வானொலி திருத்துகிறவராக இருந்தவர், மூன்று வருடத்துக்கு முன் போய்விட்டார். அறையிலிருந்த இழுப்பறைப் பெட்டியின்மேல் அவருடைய படம், ஒரு குவளை தண்ணீர், கோப்பி, உருண்டைப் பாண், ஒரு சிறு கிண்ணத்தில் உப்பு, ஒரு பழைய ஸ்க்ரூட்ரைவர். மெழுகுதிரி எத்தனை என்று கேட்டேன். நான்கு. வீட்டுக் காப்புறுதியை நினைத்துக்கொண்டு அவளுடைய கதவடியில் ஒரு வாளி தண்ணீரும் ஈரத் துவாயும் வைத்தேன். அவள் ஏதோ பிசினைப் புகைத்தாள், எங்கள் சாம்பிராணியின் தங்கச்சி மாதிரி ஒரு வாசனை. புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. கதிரையில் ஏறி அதன் பற்றரியைக் கழற்றினேன். கழற்றிய பின் இன்னும் இரண்டு தரம் வாளியைப் போய்ப் பார்த்தேன்.

பிறகு அவள் எங்கள் தமிழ்க் கடையில் வாங்கிய செவ்வந்தி மாலைகளை அவிழ்த்து, வாசற்கதவிலிருந்து படிகளில் ஏறித் தன் அறைவரை இதழ்களைத் தூவினாள். இறந்தவருக்கு வழி தெரிய வேண்டுமாம். என் கம்பளத்தில் மஞ்சள் கறை பிடிக்கும் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது மணி அடித்தது. அன்று வெள்ளிக்கிழமை.

கதவைத் திறந்தேன். தம்பி பெண்சாதி சட்டியோடு நின்றாள். அவளுடைய கண் நிலத்தில் கிடந்த பூவைத் தொடர்ந்து படியேறிப் போனது. எங்கள் ஊரில் வழியில் பூத் தூவுவது பிணம் போகும்போதுதான்.

"ஆர் அண்ணை செத்தது?" என்றாள்.

நான் விளக்கினேன். நம்பாமல், பூவை மிதிக்காமல், சுவரோரமாக உள்ளே வந்தாள். பிள்ளை கீழே இறங்கி வந்து தன் ஆங்கிலத்தில் சொன்னாள், அவள் தன் ஆங்கிலத்தில் கேட்டாள். இரண்டு பேரின் ஆங்கிலமும் நொண்டி நொண்டி நடுவில் சந்தித்தது. மேலே போய்ப் பார்க்க அவளுக்கு ஆசை வந்தது. பிள்ளையின் தகப்பனுடைய படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். லண்டனுக்கு அவர் எப்படி வருவார் என்று கேட்டாள். வாசனையைப் பிடித்துக்கொண்டு வருவார் என்றாள் பிள்ளை. வந்தார் என்று எப்படித் தெரியும்? அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. வைத்த சாப்பாட்டின் சாரத்தை அவர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். காலையில் தொட்டுப் பார்த்தால் ருசி இருக்காது. போன வருடம் அம்மா வைத்த கோப்பி வெறும் தண்ணீராக இருந்ததாம்.

ஒரு மெழுகுதிரி மட்டும் மற்றவற்றிலிருந்து தள்ளித் தனியாக, படம் எதுவும் இல்லாமல் எரிந்தது. அது யாருக்கு என்று தம்பி பெண்சாதி கேட்டாள். யாரும் இல்லாதவருக்கு, என்றாள் பிள்ளை. பெயர் தெரியாமல், தேடுவார் இல்லாமல் போனவர்களுக்கு. சில ஊர்களில் அவர்களுக்காக வாசலில் ஒரு குவளை தண்ணீரும் வைப்பார்களாம்.

அவள் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"அப்ப இவ்வளவு வருசமும் அங்க ஆரோ ஒரு வீட்டில இவருக்குத் தண்ணி வைச்சிருப்பினம், என்ன அண்ணை?"

அவள் ‘இருந்தால்’ என்றும் சொல்லவில்லை, ‘செத்திருந்தால்’ என்றும் சொல்லவில்லை. அந்த வசனம் அப்படியே நடுவில் நின்றது.

கொண்டுவந்த சட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனவள் இரண்டு மணித்தியாலத்தில் திரும்பி வந்தாள். கையில் வேறொரு சட்டி. கடைக்குப் போய், பிஞ்சுக் கத்தரிக்காய் வாங்கி, வீட்டில் பால்கறி வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மேலே கொண்டுபோகவில்லை. என் சாப்பாட்டு மேசையில், சுவர்ப்பக்கக் கதிரைக்கு முன்னால் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் கறியும் போட்டு, இன்னொரு கோப்பையால் மூடினாள். பூவழி அந்த மேசையைத் தாண்டித்தான் படிக்குப் போகிறது.

"படையல் இல்லை அண்ணை," என்றாள், நான் கேட்காமலே. "ஷிப்ட் முடிஞ்சு வாற ஆளுக்கு மூடி வைக்கிறேல்லையே, அப்பிடித்தான். விடிய வாறன். நீங்கள்தான் ருசி பார்த்துச் சொல்ல வேணும். ருசி இருந்தா அவர் எங்கையோ இருக்கிறார். இல்லையெண்டா..." முந்தானையால் மேசையைத் துடைத்தாள். "நீங்கள் ஒண்டைக் கூட்டியும் சொல்ல மாட்டியள், குறைச்சும் சொல்ல மாட்டியள்."

படித்தவன் நான். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று சொல்லியிருக்க வேண்டியவன். ஆனால் அச்சகக்காரர் திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றிருந்தார், வேறு வழியும் என்னிடம் இல்லை. சரி என்றேன்.

அன்றிரவு நான் கீழே இறங்கவில்லை. நான் இறங்கினால் கோப்பையை அசைத்தது நான்தான் என்று ஆகிவிடும் அல்லவா. கட்டிலில் கிடந்து வீட்டில் மூச்சுவிடுகிறவர்களை எண்ணினேன். நான், பின்னறைப் பிள்ளை. இரண்டு வர வேண்டும், மூன்று வந்தது. மறுபடி எண்ணினேன். இந்த முறை வழக்கத்துக்கு மாறாக, திரும்ப எண்ணும்போதும் மூன்று வந்தது.

விடிந்ததும் வந்தாள். பூவழி கொஞ்சம் வாடியிருந்தது. பிள்ளையும் கண்ணைக் கசக்கிக்கொண்டு படியில் நின்றாள். மூடியைத் திறந்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. கரண்டியால் ஒரு துண்டு கத்தரிக்காயும் கொஞ்சம் பாலும் எடுத்து வாயில் போட்டேன்.

வெந்தயம் தெரிந்தது. பச்சைமிளகாய் மெல்லத் தெரிந்தது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு இருந்தது. ஆனால் எல்லாம் தூரத்தில், கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல. இன்னொரு கரண்டி எடுத்தேன். பிள்ளையும் வந்து ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்கோ அண்ணை."

"உப்பு இல்லை," என்றேன்.

அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் என் கணிதமூளை விழித்தது. எந்தச் சோதனையிலும் முதல் அளவு ஒன்று வேண்டும். இரவு வைத்தபோது உப்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் காலையில் குறைந்தது என்று சொல்ல முடியாது.

"பிள்ளை, நீ உப்புப் போட்டனியோ?" என்று தம்பி பெண்சாதியைக் கேட்டேன்.

"போட்ட மாதிரித்தான் கிடக்கு."

"சமைக்கேக்க ருசி பார்த்தனியோ?"

அவள் தன் இடது உள்ளங்கையைப் பார்த்தாள், அங்கே எழுதியிருப்பதுபோல.

"இல்லை," என்றாள்.

எனக்கு உள்ளே ஒரு பாரம் இறங்கியது. பிழையைக் கண்டுபிடித்த மாணவனைப்போலச் சந்தோசம்கூட வந்தது. அப்ப இது செல்லாது பிள்ளை, என்றேன். நீ உப்புப் போட மறந்திருப்பாய், ருசி பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும், இதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"செல்லும் அண்ணை."

"எப்பிடிச் செல்லும்?"

"நான் தண்ணி கொதிக்க வைச்சாலும் ஒரு சொட்டுக் கையில விட்டுப் பாக்கிறவள். சாமிக்கு வைக்கிறதையும் செத்த ஆக்களுக்கு வைக்கிறதையும்தான் ருசி பாக்கிறேல்லை." அவள் குரல் உயரவில்லை. "நேற்று அகப்பையை எடுக்கிறன், கை வாய்க்கு வரமாட்டன் எண்டு நிண்டிட்டுது. ஏன் எண்டு நான் யோசிக்கேல்லை. இப்பதான் விளங்குது. என்ர கைக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு."

பிள்ளைக்கு எங்கள் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. கறியில் உப்பு இல்லை என்பது மட்டும் விளங்கியிருந்தது. மேலே ஓடிப் போய், தன் தகப்பனுக்கு வைத்த உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். தம்பி பெண்சாதி அதைப் பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்துக் கறியில் தூவிக் கலந்து, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள். பிறகு மூன்று பேரும் அந்தப் பழஞ்சோற்றையும் கறியையும் நின்றபடியே சாப்பிட்டோம். அவள் அழுதது சாப்பிட்டு முடித்துக் கோப்பையைக் கழுவும்போதுதான். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

போகும் முன் கண்ணாடி அலுமாரியைத் திறந்து தம்பியின் படத்தை எடுத்தாள். வானொலி திருத்தியவருக்குப் பக்கத்தில் இடம் இருக்குமா என்று பிள்ளையிடம் கேட்டாள். பிள்ளை ஸ்க்ரூட்ரைவரைத் தள்ளி இடம் செய்தாள். தனியாக எரிந்த மெழுகுதிரியை நகர்த்தித் தம்பிக்கு முன்னால் வைக்கலாமா என்று கேட்டபோது, தம்பி பெண்சாதிதான் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அது ஆரும் இல்லாத ஆக்களுக்கு இருக்கட்டும், இவருக்குப் புதிதாக ஒன்று கொளுத்து என்றாள்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பாராமல், "அச்சகத்துக்குச் சொல்லுங்கோ அண்ணை, அந்தச் சொல்லைப் போடட்டாம்," என்றாள்.

சொல்ல அவளால் முடிந்தது. எனக்குத்தான் கஷ்டமாகப் போய்விட்டது. இத்தனை வருடமும் அவளுடைய நம்பிக்கையைக் கலைக்கக் கூடாது என்பதற்காகத்தான் நான் பேசாமல் இருந்தேன் என்று எண்ணியிருந்தேன். திங்கட்கிழமை தொலைபேசியை எடுத்தால் நாக்கு எழவில்லை. முதலில் காகிதத்தின் தடிப்பைப் பற்றிப் பேசினேன், பிறகு பிள்ளையார் படம் இடது பக்கமா நடுவிலா என்று பேசினேன். அச்சகக்காரர் பொறுமையான மனிதர். கடைசியில் அவரே, ‘காலஞ்சென்ற’ தானே ஐயா, என்று கேட்டார். ஓம் என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அதன் பிறகு நான் நூலகத்தில் மெக்சிக்கோ அலுமாரிப் பக்கம் போகவில்லை. மாசி மாதத்தில் பதினோராவதாக ஒரு நூல் வந்திருப்பதாக நூலகப் பெண் சொன்னாள். அதிலும் தப்பச்சூலாவுக்கு அரைப் பக்கம்தான் இருந்திருக்கும்.

தையில் கலியாணம் ஹரோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாரை வார்க்கத் தம்பதி வேண்டும். அவளுக்கும் துணை இல்லை, எனக்கும் இல்லை. ஒன்றுவிட்ட தம்பி ஒருவனும் மனைவியும் மணவறையில் நின்றார்கள். நாங்கள் கீழே முதல் வரிசையில் இருந்தோம். அவள் வெளிர்நிறப் பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள். நெற்றியில் திருநீறு மட்டும். மகள் மேலேயிருந்து அடிக்கடி தாயைப் பார்த்தாள், தாய் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினாள், கறியில் உப்பு அளவாக இருக்கிறது என்று ஆட்டுவதுபோல.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அவள் அதில் கைப்பையையும் வைக்கவில்லை, சால்வையையும் போடவில்லை. தாலி கட்டும் நேரம் நெருங்க ஆட்கள் முன்னுக்கு நெருக்கினார்கள். மாப்பிள்ளை பக்கத்து மலேசிய உறவினர் ஒருவர், வயதானவர், அந்தக் கதிரையில் கை வைத்துக் குனிந்து கேட்டார்.

"இதுல யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"ஓம், அதில ஆள் இருக்கு," என்றாள் அவள்.

அவர் கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பின்னுக்குப் போனார். மேளம் உரத்தது. பழக்கதோசத்தில் நான் எங்கள் வரிசையை எண்ணினேன். கதிரைகள் பன்னிரண்டு. ஆட்கள் பன்னிரண்டு. திரும்ப எண்ணவில்லை.